அண்ணை கனடா போகுமுன் எழுதி எடுக்க வேண்டியவை

கேள்வி: வணக்கம் சேர். யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கடன் நிறுவனத்தில் ஐ.ரி. பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, கிளிநொச்சி என்று நான்கு கிளைகள், ஏறக்குறைய 140 ஊழியர்கள். எங்கள் பகுதியில் என்னோடு நான்கு பேர். அதில் ஒரு அண்ணை 12 வருடமாக இருக்கிறார், எல்லாம் அவருடைய தலைக்குள்தான். மார்ச் மாதம் குடும்பத்தோடு கனடா போகிறார். அன்றாட வேலைகளுக்கு எஸ்.ஓ.பி., அதாவது ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்ற படிமுறை, எழுதச் சொல்லி மேலிடம் கேட்டது. எங்கோ கிடைத்த மாதிரி ஒன்றைப் பார்த்து 64 பக்கத்தில் எழுதினேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பன்னிரண்டு வருசமாச் செய்யிற வேலையை இனித் தாள் பார்த்தோ நான் செய்யிறது?" என்று அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்கலைக்கழகம் முடித்து வந்த தம்பிமார் இருவரும் "இதுக்கோ படிச்சனாங்கள்?" என்கிறார்கள். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்றும் குழப்பம். எங்கே பிழை விட்டேன்?

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, உங்கள் 64 பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் ஐந்து பக்கத்தில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன்: நோக்கம், வரையறை, சொல்விளக்கம், பொறுப்புகள், திருத்த வரலாறு. சரிதானே? கணக்கு பூட்டிக்கொண்டது என்று பருத்தித்துறையில் இருந்து ஒருவர் போனில் அவசரப்படுத்தும்போது யார் இருந்து நோக்கம் வாசிப்பது? நீங்கள் எழுதியது கணக்காய்வாளருக்கு. வேலை செய்கிறவருக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

முதலில் என் கதை ஒன்று. தாள் கையில் இருந்தும் பிழை விட்டவன் நான். பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில், விலகிப் போகும் ஊழியரின் கணக்கை மூடுவதற்கு ஒரு படிமுறைத் தாள் இருந்தது. அதன் இரண்டாவது வரி: "பெயரைத் தேடிக் கணக்கை முடக்கவும்." நானும் தேடினேன், முடக்கினேன், சரி போட்டேன். அந்த நிறுவனத்தில் அதே பெயரில் இரண்டு பேர். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தானே முதலெழுத்து, அதுவும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவார், மற்றவர் எழுதமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மூடியது கிளையில் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவரின் கணக்கை. ஒன்றரை மணித்தியாலம் சனம் வரிசையில் நின்றது, எனக்கு வடிவாக ஏச்சு விழுந்தது. அதைக்கூட மறந்துவிடலாம். விலகிப் போனவரின் கணக்கு ஒன்பது நாள் திறந்தே கிடந்தது. அதை யாருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வரியை மாற்றி எழுதினோம். "ஊழியர் இலக்கத்தைக் கொண்டு தேடவும். திரையில் வரும் பெயர், கிளை, பதவி மூன்றும் கடிதத்தில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் நிறுத்து, கடிதம் அனுப்பியவருக்குப் போன் எடு. கணக்கை முடக்கு, அழிக்காதே." பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறது. செய்தது சரியென்று எப்படித் தெரிந்துகொள்வது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்ற இரண்டும் புதிதில் இருக்கின்றன. என்ன செய்வது என்பதை மென்பொருளின் உதவிப் பக்கத்திலேயே வாசித்துவிடலாம். மற்ற இரண்டும் உங்கள் அண்ணையின் தலைக்குள் இருக்கின்றன. மார்ச்சுக்கு முன் நீங்கள் எடுக்க வேண்டியது அதைத்தான்.

எல்லா வேலைக்கும் எழுத வேண்டாம். கடந்த மூன்று மாதத்து வட்ஸ்அப் குழுவையும் ரிக்கெட்டுகளையும் (உதவி கேட்டு வந்த பதிவுகள்) எடுத்து, கொப்பியில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். அதிகமாக வருவது பிரிண்டராக இருக்கும் என்று நினைக்கிறேன். பிரிண்டருக்குப் படிமுறை தேவையில்லை, அதன் மூடியிலேயே ஒட்டுகிற ஒரு துண்டு போதும், ஏனென்றால் பிழைத்தாலும் ஒரு தாள் வீணாகும், அவ்வளவுதான். விலகும் ஊழியரின் கணக்கு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். பிழைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். ஆகவே எத்தனை தடவை வருகிறது என்பதோடு, பிழைத்தால் எவ்வளவு எரியும் என்பதையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். புதியவர் சேர்வது, ஒருவர் விலகுவது, கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது, பாக்கப் (தரவுகளின் மேலதிகப் பிரதி) பார்ப்பது, சேர்வர் அறையை நிறுத்தி ஏற்றுவது, புதிய லாப்டொப் தயார் செய்வது. உங்கள் அளவு இடத்துக்கு இந்த ஆறும் முதலில் போதும், ஒவ்வொன்றும் ஒரே பக்கம். "வலையமைப்புக் கோளாறுகளைக் கண்டறிதல்" என்று ஓர் அத்தியாயம் எழுதியிருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள். காரணம் தெரியாத கோளாறு ஒரே நேர்கோட்டில் போகாது. முதலில் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களையும் யாருக்குப் போன் எடுப்பது என்பதையும் எழுதினால் காணும்.

இனி அண்ணை. அவரை எழுதச் சொல்லாதீர்கள். கைப்பழக்கமாகிவிட்ட வேலையை எழுதச் சொன்னால் யாரும் பாதியைத்தான் எழுதுவார்கள். மறைப்பதற்காக இல்லை, மீதிப் பாதியைத் தாங்கள் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதுங்கள். இடையில் "இப்ப ஏன் அந்த லைட்டைப் பார்த்தனீங்கள்?" என்று கேட்டால், "அது சும்மா" என்பார். அந்தச் சும்மாவை எழுதுங்கள். அடுத்த தடவை தம்பிமாரில் ஒருவர் தாளை மட்டும் பார்த்துச் செய்யட்டும். அண்ணை பின்னால் கதிரையில் இருப்பார், வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பத்து நிமிடம் பொறுப்பார், பிறகு "டேய், அதுக்கு முதல்..." என்று தொடங்குவார். அந்த இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது. ஒரு வேலைக்கு இரண்டு தரம் இப்படிச் செய்தால் போதும்.

அவர் முகத்தைத் திருப்பியதை வெறும் தலைக்கனம் என்று எடுக்க வேண்டாம். தன் 12 வருடம் ஆறு தாளுக்குள் அடங்கிவிடும் என்று பார்ப்பது யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். தாளின் மேல் மூலையில் "சொல்லித் தந்தவர்" என்று அவர் பெயரைப் போடுங்கள். கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "இதை எப்படிச் செய்யிறது?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். "அண்ணை, இந்த வேலையில நீங்கள் எப்ப பயந்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தேநீர் ஆறும் வரை கதைப்பார்.

தாள் கற்றுக்குட்டிக்கு மட்டும்தான் என்று அவர் இன்னும் நினைத்தால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1935 ஒக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில், போயிங்கின் மொடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் எழுந்த உடனேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் பிளொயர் ஹில், அந்தத் தளத்தில் பறப்புச் சோதனைக்கே தலைவர். விமானம் தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் அடிபடாமல் இருக்க ஒரு பூட்டுப் போட்டு வைப்பார்கள், அதைக் கழற்றாமல் ஏறிவிட்டார்கள். அவரும் கூட இருந்த போயிங் சோதனை விமானியும் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான் விமானிகள் கையில் சரிபார்ப்புத் தாள் வந்தது. அதே விமானம் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. ஹில்லுக்குப் பறக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்று அவருக்குக் கவனிக்க வேண்டியவை அதிகம், அவ்வளவுதான். உங்கள் அண்ணைக்கும் ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், விசா அலுவல், மூன்று போன் என்று ஒன்றாக வரும்.

இன்னொன்று. இதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் அவசரம் இதற்குத்தான். நிறுவனத்தின் இணையப் பெயரை (டொமைன்) பதிந்தது யாருடைய மின்னஞ்சலில்? மைக்ரோசொப்ட் நிர்வாகி கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இலக்கம் யாருடைய போனுக்கு வருகிறது? ரவுட்டர், தீயரண் (ஃபயர்வோல்), பாக்கப் மென்பொருளின் உரிமம்? நான் பார்த்த சின்ன நிறுவனங்களில் பாதிக்கு மேல் இவை ஒரே ஒருவருடைய சொந்த சிம்மில் தொங்கும். அவர் ரொரொன்டோவில் இறங்கி அங்கத்தைய சிம்மைப் போட்டதும் உங்கள் கதவு பூட்டிக்கொள்ளும். கூப்பிட்டுக் கேட்கலாம்தான், ஆனால் உங்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் அவருக்கு நடுச்சாமம். இந்தக் கிழமையே இருந்து எல்லாவற்றையும் நிறுவனத்தின் பெயருக்கும் நிறுவனத்தின் போனுக்கும் மாற்றுங்கள். எஸ்.ஓ.பி. பிறகு எழுதலாம்.

தம்பிமாருக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது. அவர்கள் இப்போது நம்பமாட்டார்கள், ஆனால் தாள் அவர்களுக்குத்தான் கவசம். கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கும் வேலையை எடுங்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், "குரல் தெரியும்தானே" என்பதுதான் இங்கே அடையாள அட்டை. கிளை முகாமையாளர் கல்யாண வீட்டில் நின்றுகொண்டு, மேளச் சத்தத்துக்கு மேலாக, "தம்பி, உடனே மாத்தித் தாரும்" என்கிறார். 24 வயதுப் பெடியன் அவருக்கு எப்படி மறுப்பது? தாளில் "எவர் கேட்டாலும், ஊழியர் பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்குத் திருப்பி எடுத்த பிறகே மாற்றவும்" என்று இருந்து, கீழே பொது முகாமையாளரின் கையொப்பமும் இருந்தால், பெடியன் சொல்லலாம்: "சேர், குறை நினைக்காதேங்கோ, தாளில இப்பிடித்தான் இருக்கு. நான் உங்கட நம்பருக்குத் திருப்பி எடுக்கிறன்." மறுப்பது அவன் இல்லை, தாள். 2023 செப்டெம்பரில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ரிசோர்ட்ஸ் விடுதிக் குழுமம் முடங்கியது. ஊழியர்போல நடித்து உதவிப் பகுதிக்கு எடுத்த ஒரு போன் அழைப்பில்தான் அது தொடங்கியது என்று செய்திகள் வந்தன. நட்டம் ஏறக்குறைய 10 கோடி டொலர் என்று நிறுவனமே சொன்னது. எங்கள் மேலதிகாரிகளுக்கு இந்த எண்ணைக் காட்டிவிட்டுக் கையொப்பம் கேட்டால் சுலபமாக விழும்.

"இதுக்கோ படிச்சனாங்கள்?" என்ற கேள்வியும் நியாயமானதே. ஒரு வேலையைத் தாள் பார்த்துப் பத்துத் தடவை செய்தும் எங்கேயும் யோசிக்க வேண்டி வரவில்லை என்றால், அதை மனிதர் செய்யத் தேவையில்லை. தம்பிமாரிடமே கொடுங்கள், கணினியே தானாகச் செய்யும்படி ஸ்கிரிப்ட் எழுதட்டும். எழுதி வைக்காத வேலையை ஸ்கிரிப்ட் ஆக்க முடியாது என்பதையும் அப்போது கண்டுகொள்வார்கள். ஆனால் காவல் போட்டு எழுத வேண்டும். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசனின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணித்தியாலம் நின்றது. அனுமதி உள்ள ஒருவர்தான், அங்கே நடைமுறையில் இருந்த படிமுறையின்படிதான், சில சேர்வர்களை எடுக்கக் கட்டளை கொடுத்தார். உள்ளிட்டதில் ஒன்று பிழை, எடுபட்டதோ நினைத்ததைவிட மிக அதிகம். அமேசன் அந்த ஆளை மாற்றப் போவதாகச் சொல்லவில்லை. கருவியை மாற்றியது. இனிச் சேர்வர்கள் மெதுவாகவே எடுபடும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக முயன்றால் கருவியே தடுக்கும். உங்கள் ஸ்கிரிப்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஊழியர் இலக்கத்தைக் கேட்கட்டும், பெயரையும் கிளையையும் காட்டிச் சரியா என்று கேட்கட்டும், நிர்வாகி கணக்கு என்றால் தொட மறுக்கட்டும்.

பாக்கப் தாளில் "பாக்கப் எடுபட்டதா: ஆம் / இல்லை" என்று ஒரு பெட்டி வைத்திருப்பீர்கள். அதை வெட்டுங்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" போடுவார்கள். பதிலாக, "நேற்றைய பாக்கப்பில் இருந்து ஒரு கோப்பை வேறொரு கோப்புறைக்கு மீட்டெடு. திறந்து பார். கோப்பின் பெயரையும் அளவையும் இங்கே எழுது" என்று வையுங்கள். செய்யாமல் அதை நிரப்ப முடியாது. 2023 ஓகஸ்டில் எங்கள் அரசின் மேகக்கணிமையில் (கிளவுட்) தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தபோது, மே 17இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்குரிய பாக்கப் இருக்கவில்லை.

ஒரு தாள் எப்படி இருக்கும் என்று காட்டாமல் விட்டால் திரும்பவும் 64 பக்கம் எழுதிவிடுவீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது ஓரிடத்தில் நாங்கள் வைத்திருந்ததை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன்.

சேர்வர் அறை நிறுத்துதல். யூ.பி.எஸ். 20 நிமிடத்துக்குக் குறைவாகக் காட்டினால் தொடங்கு.
1. நான்கு கிளைக்கும் போன் எடு: "பத்து நிமிடத்தில் நிற்கும், சேமித்துவிட்டு வெளியேறுங்கள்." பதில் சொன்னவர் பெயரும் நேரமும் எழுது.
2. கடன் மென்பொருளில் இணைந்திருப்போர் எண்ணிக்கையைப் பார். 0 ஆனதும் நிறுத்து. 0 ஆகாவிட்டால் அந்த ஆளுக்குப் போன் எடு. யூ.பி.எஸ். 8 நிமிடத்துக்குக் கீழே வந்தால் காத்திராதே, நிறுத்திவிட்டு 3க்குப் போ.
3. தரவுத்தளத்தை நிறுத்து. நின்றுவிட்டது என்ற வரி திரையில் வர வேண்டும். பொத்தானை அழுத்தி அணைக்காதே.
4. மற்ற மெய்நிகர் சேர்வர்கள். பயனர் கணக்குச் சேர்வர் கடைசியாக.
5. மெய்நிகர் சேர்வர்கள் ஓடும் ஹோஸ்ட் இயந்திரம், பிறகு சேமிப்பகப் பெட்டி, பிறகு சுவிச். ஏற்றும்போது 5இல் இருந்து 1க்கு, ஒவ்வொரு படியிலும் உள்ள வரிசையையும் பின்னிருந்து முன்னாக.

இதை அச்சடித்து அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். சேர்வரை நிறுத்தும் தாளைச் சேர்வருக்குள்ளேயே சேமித்து வைத்துவிட்டு, திரும்ப ஏற்ற வழி தெரியாமல் இருட்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

மொழி. வசனம் தமிழில், பொத்தானின் பெயர் திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே. பொத்தானைத் தமிழாக்கினால் இரவு பத்து மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் எழுதினால் "எடு", "எடுக்காதே" என்ற இடத்தில் கண் தவறும். கொழும்பில் இருந்து வரும் விற்பனை நிறுவனத்தார் பார்க்க வேண்டிய தாள்களை மட்டும் ஆங்கிலத்திலும் வையுங்கள். ஸ்கிரீன்ஷொட் அதிகம் வேண்டாம், மைக்ரோசொப்ட் பொத்தானை இடம் மாற்றும் வேகத்துக்கு உங்களால் படம் மாற்ற முடியாது. வைக்கிற ஒன்றிரண்டிலும் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கடன் நிறுவனத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திருத்த வரலாறு அட்டவணைக்குப் பதில் தாளின் அடியில் ஒரே வரி: கடைசியாக இதைப் பார்த்துச் செய்த நாளும் செய்தவர் பெயரும். ஆறு மாதம் யாரும் தொடாத தாளை நம்பாதீர்கள். தாளில் பிழை கண்டவர் அந்த இடத்திலேயே பேனையால் வெட்டித் திருத்தலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று சொல்லிவையுங்கள். கணினியில் நீங்கள் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. பெப்ரவரியில் ஒரு நாள் அண்ணையை லீவு எடுக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமையாக இருக்கட்டும், அன்றுதான் கடவுச்சொல் மறந்தவர்கள் அதிகம். வீட்டில் இருக்கட்டும், ஆனால் உங்கள் மூவரின் போனையும் எடுக்கக் கூடாது. மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றிய ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மறுநாள் அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, தேநீருக்குச் சொல்லுங்கள். கடவுச்சொல் ஏதும் எழுதியிருந்தால் மறைத்துவிட்டு, அந்தத் தாளின் படம் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.